ஒரு கியர் போதாதா?

"ஆபீசுக்குப் போய்வர ஒரு சைக்கிள் வேண்டும். எத்தனை கியர் இருந்தால் நல்லது?" என்று கேட்டான் என் மைத்துனன்.

"ஒன்று போதும்" என்றேன். பையன் முகம் வாடிவிட்டது.

சென்னை பெரும்பாலும் சமதரை. ஏற்றமென்றால் மேம்பாலந்தான். பழுதாகும் சாமான் குறைந்தால் லாபந்தானே!

முதலில் உயரம். ஸீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும்.

அடுத்து, பல் கணக்கு. பெடலோடு சுழலும் பல்சக்கரத்தில் 48 பல், பின்னால் ஃப்ரீவீலில் 16 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 3 சுற்றுச் சுற்றும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புகிறவருக்கு அது கனம். ஃப்ரீவீலை 18 பல்லாக மாற்றுங்கள். முழங்கால் உங்களை வாழ்த்தும்! செயின் நீளத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மிச்சப் பணத்தைக் குஞ்சத்துக்கும் மினுக்குக்கும் செலவிடாதீர்கள். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். அலுமினிய ரிம்மில் பிடிப்பு அதிகம்.

மைத்துனன் முணுமுணுத்துக்கொண்டே ரிம்மை மாற்றினான். ஐப்பசி மழையில் ஓர் ஆட்டோ குறுக்கே திரும்பியது. சைக்கிள் ஒரு சாண் தள்ளி நின்றது!

அன்றிலிருந்து அவன் கியர் பேச்சையே எடுப்பதில்லை.