ஒரே ஷெட், ஒரே புகை: ஒருவருக்கு மட்டும் வீசிங் வருவது ஏன்?

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள் முதல் வேதிப்பொருள் தொழிற்சாலைகள் வரை இயங்குகின்றன. இதுபோன்ற இடங்களில் ஒரே ஷெட்டில் பத்து பேர் வேலை பார்த்தாலும், ஓரிருவருக்குத்தான் மூச்சு இளைக்கும். ‘அது உங்க பரம்பரை’ என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது.

மரபணுவின் பங்கு என்ன?

ஆஸ்துமாவுக்கென ஒற்றை மரபணு கிடையாது. பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வாய்ப்பைக் கூட்டுகின்றன. 17-வது குரோமோசோமின் ஒரு பகுதிக்கும் சிறுவயது ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருப்பது 2007-ல் தெரியவந்தது. ஆனால், அச்சு அசலான இரட்டையரிலும் ஒருவருக்கு மட்டும் ஆஸ்துமா வருவதுண்டு. அதாவது, சுவாசிக்கும் காற்றுக்கும் பங்கு உண்டு.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மாவுத் தூசி போன்ற ஒன்றை உடல் எதிரியாக நினைத்துவிட்டால், ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உருவாக்கும். அது மூச்சுக்குழாயின் மாஸ்ட் செல்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே தூசி மறுபடி உள்ளே போனதும் ஹிஸ்டமின் வெளியேறும். குழாய் இறுகும், வீங்கும், சளி கட்டும். பெயிண்ட், ஃபோம் தயாரிப்பில் பயன்படும் ஐசோசயனேட் பலருக்கு ஐஜிஇ இல்லாமலேயே ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

இந்த ஒவ்வாமை உருவாகச் சில வாரங்களும் ஆகலாம், சில வருடங்களும் ஆகலாம். எனவே, ‘மூணு வருஷமா ஒண்ணும் ஆகலையே’ என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல. ஒருமுறை உருவாகிவிட்டால், மிகக் குறைந்த அளவு புகையே போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

லீவு நாளில் மூச்சு சீராகி, வேலைக்குப் போனதும் மறுபடி இளைக்கிறதா? அதுதான் முக்கியத் துப்பு. வேலை நாளிலும் விடுமுறையிலும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி, அளவுகளைக் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டலாம். எந்தப் பொருளோடு வேலை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

காரணமான பொருளிடமிருந்து சீக்கிரம் விலகினால் குணமாகும் வாய்ப்பு அதிகம். தள்ளிப்போட்டால், வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா தொடரலாம்.

இன்னொன்று: வேலையால் வரும் ஆஸ்துமா, இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் சட்டப் பட்டியலில் இருக்கிறது. அப்பாவுக்கு வீசிங் இருந்தது என்பதாலேயே, மகனின் இளைப்புக்கு வேலை காரணமில்லை என்று ஆகிவிடாது.