அகத்தியமலையின் மஞ்சள் மலர்

குலசேகரத்து மாணவர்களே, ரப்பர் தோட்டங்களுக்கு அப்பால் வடக்கே மலைகள் எழுகின்றன அல்லவா? அத்தொடரிலுள்ள அகத்தியமலைப் பகுதியில், 1865-இல் ட்ரூரி என்னும் படை அதிகாரி ஓர் ஆர்க்கிட் செடியைக் கண்டார். செருப்பு போன்ற மஞ்சள் மலர். இதழ் நடுவே கரிய கோடு. அழகே அதற்குப் பகையாயிற்று. ஆர்வலர்கள் வேரோடு அள்ளிச் சென்றனர். ஆர்க்கிட் விதை தூசு போன்றது. அதில் சேமித்த உணவு இல்லை. தக்க பூஞ்சை துணை நின்றால்தான் முளைக்கும். ஆகவே இழந்த செடிக்கு ஈடு எளிதில் வராது. அழிந்தே போயிற்றென்று கருதப்பட்ட இச்செடி 1972-இல்தான் மீண்டும் அகப்பட்டது.

ஒரு சிறு கிளை, அதனருகே இடம், தேதி, உயரம் எழுதிய தாள்: இது சேகரிப்பு. பெயரும் ஊரும் குறிக்காமல் பெட்டி நிறைய அடைத்தவை? வைக்கோல் என்றே சொல்வேன்! இன்று இந்த ஆர்க்கிடைக் காட்டிலிருந்து பறிப்பது சட்டப்படி குற்றம். படம் வரைந்துகொள்ளத் தடையில்லை.