மூன்று பெயரில் ஒரே ஆள்

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வாசலில் அமர்ந்து ஓர் அம்மாவின் கடதாசிகளைப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துச் செக்ரோலில் மூன்றாவது. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். ஊழியர் சேமலாப நிதியைப் பெற, மூவரும் தானே என்று இப்போது சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும்.

இதை எழுத்துப்பிழை என்று ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் இது தரவு இணைப்புப் பிரச்சினை. லெட்சுமி சிங்களத்தில் லக்ஷ்மி ஆகிறார். ஆங்கிலத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டல் வருகிறது. கணினிக்கு இவர்கள் மூவர்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி இந்த நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் வேலைகொள்வோர் 12 வீதமும் செலுத்த வேண்டும். சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம். கணக்குகளை வைத்திருப்பது மத்திய வங்கி. வேலைகொள்வோரின் இலக்கமும் அங்கத்தவர் இலக்கமும் சேர்ந்ததே கணக்கின் அடையாளம். 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. வேலைகொள்வோர் மாறும்போது ஒருவருக்கே பல கணக்குகள் உருவாகலாம்.

சிதறிய பதிவுகளை இணைக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குள் கொண்டுவருவது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் மூன்று பெயர்களில் எது சரியென்று யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டும். அவர் தவறினால் அந்தத் தவறே எல்லா இடத்துக்கும் பரவும்.

இரண்டாவது, குறித்த காலத்துக்கு ஒருமுறை ஓர் அலுவலகத்தின் கோப்பை இன்னோர் அலுவலகத்துக்குப் பிரதி செய்வது. செலவு குறைவு. ஆனால் இன்று இங்கே திருத்தியது அடுத்த பிரதி போகும்வரை அங்கே தெரியாது.

மூன்றாவது, பதிவுகளை அவரவரிடமே விட்டு, பொது இலக்கமொன்றால் தேவையானபோது மட்டும் கேட்டுப் பெறுவது. எஸ்தோனியா 2001 முதல் எக்ஸ்-ரோட் என்ற அமைப்பால் இதைச் செய்கிறது. நமக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. மூலப் பதிவு அழியாது. பிழை எங்கே நேர்ந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

இலங்கையின் டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்காக 2022இல் இந்தியாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. பொது இலக்கம் வந்தாலே எல்லாம் சரியாகிவிடாது. 2017இல் ஜார்க்கண்டில் ஆதாருடன் இணைக்கப்படாத ரேஷன் அட்டைகள் பெருமளவில் இரத்தாகின. உண்மையான ஏழைகளும் பட்டியலிலிருந்து விழுந்தார்கள்.

இது மலையகத்துக்கு மட்டுமான கவலையல்ல. 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால், காணாமலாக்கப்பட்டவருக்கு மரணச் சான்றிதழ் பெறாமலே 'காணாமற்போனமைக்கான சான்றிதழ்' பெற முடிகிறது. இணைக்கப்படும் கணினியில் 'உயிருடன்', 'இறந்தவர்' என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தால் அந்த மனிதரை எதில் போடுவார்கள்? வடக்கிலும் கிழக்கிலும் இடப்பெயர்வில் கடதாசிகளைத் தொலைத்தவர்களை எந்தப் பெயரோடு பொருத்துவார்கள்?

எந்த மென்பொருள் வாங்கினாலும் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். தமிழில் எழுதிய மூலப் பெயர் பதிவில் இருக்க வேண்டும். பிரதேச செயலகத்திலேயே திருத்த வசதி வேண்டும். திருத்தம் முடியும்வரை கொடுப்பனவு நிற்கக்கூடாது.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இந்த நிதியைப் பெறலாம். அதற்குக் காத்திராமல், வேலையில் இருக்கும்போதே கணக்கு அறிக்கையிலுள்ள பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த அம்மாவுக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இருக்கவில்லை.