மறதிக்காரர் எழுதி வைத்த கடைசிக் கடிதம்!

திருச்செங்கோட்டில் ஒரு வீடு. காலை ஆறரை மணி. அடுப்பில் பால் பொங்கிக் கொண்டிருக்கிறது. வீட்டம்மாவின் செல்போன் ‘டிங்’ என்கிறது. எடுத்துப் பார்க்கிறார். கணவரின் பெயரில் ஒரு மெயில். ‘இது உன் கைக்குக் கிடைக்கும்போது நான் உயிரோடு இருக்க மாட்டேன்...’ என்று ஆரம்பிக்கிறது.

கை கால் நடுங்க வாசலுக்கு ஓடுகிறார். அங்கே, வாயில் பிரஷ்ஷோடு கணவர் நிற்கிறார்!

“ஏனுங்க... நீங்க நல்லாத்தானே இருக்கறீங்க?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன். ஏன் கண்ணு அழுவறே?”

அதற்குள் போன் அடிக்கிறது. ராசிபுரத்திலிருந்து தம்பி. “அக்கா, மாமாவுக்கு என்னாச்சு? எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. அதுல... அதுல என்னை ‘துரோகி’ன்னு எழுதியிருக்காரு!”

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் இதில் நடக்க முடியாதது எதுவுமே இல்லை. ‘நான் இறந்தபின் என் வீட்டாருக்கு இந்தக் கடிதத்தை அனுப்பு’ என்று எழுதி வைக்கும் வசதி இன்று இன்டர்நெட்டில் இருக்கிறது. சில சேவைகளில் மாதம் ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால், ஆள் போய்விட்டார் என்று எடுத்துக் கொண்டு கடிதம் கிளம்பிவிடும். நம் ஆசாமி இந்த மாதம் அழுத்த மறந்துவிட்டார். மச்சினனுக்கான கடிதத்தையோ, பணத் தகராறு நடந்த ராத்திரியில் எழுதினார். திருத்தலாம் என்று நினைத்து, அதையும் மறந்துவிட்டார்!

மறதி, அவசரம் இரண்டும் அவரோடு பிறந்தவை. அதற்குப் பெயர் ஏ.டி.எச்.டி.

ரயில் எஞ்சினிலிருந்து வந்த யோசனை

சேலம் ஜங்ஷனில் நிற்கும் எஞ்சினை எல்லோரும் பார்த்திருப்போம். அதை ஓட்டுபவர் சுமார் ஒரு நிமிடம் எந்த விசையையும் தொடாமல் இருந்தால், முதலில் விளக்கு எரியும். பிறகு பஸ்ஸர் அலறும். அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாக விழுந்துவிடும். டிரைவர் மயங்கி விழுந்தாலும் பயணிகள் பிழைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இதன் பழைய வடிவத்துக்கு ‘செத்தவன் கைப்பிடி’ என்றே ஆங்கிலத்தில் பெயர். கை எடுபட்டால் வண்டி நின்றுவிடும்.

இறந்தபின் போகும் கடிதங்களும் இதே தத்துவம்தான். ஆனால் ஒரு வித்தியாசம். எஞ்சினில் ஒரு நிமிடம் அசையாதவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நம்பலாம். மாதம் ஒருமுறை பட்டன் அழுத்தாதவருக்கு? மறந்திருக்கலாம், அவ்வளவுதான்!

இது சோம்பேறித்தனம் இல்லை

“பத்து வருஷத்துக்கு முந்தி எவன் எவ்வளவு பாக்கின்னு சொல்றாரு. நேத்து வாங்கச் சொன்ன மாத்திரையை மறந்துட்டாரு” என்று அலுத்துக் கொள்ளும் வீடுகள் பல உண்டு. நடிப்பு என்றுகூட நினைப்பார்கள்.

அப்படியில்லை. நடந்து முடிந்ததை நினைவில் வைப்பது ஒரு திறமை. இனிமேல் செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் ஞாபகத்துக்குக் கொண்டு வருவது வேறொரு திறமை. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் கோளாறு செய்கிறது. கூடவே, மனதில் தோன்றியதை ‘கொஞ்சம் பொறு’ என்று நிறுத்தி வைக்கும் மூளையின் பிரேக்கும் லேசாக இருக்கும். அதனால்தான் யோசிக்காமல் பேசுவது, திடீரென்று வேலையை விடுவது, கோபத்தில் கடிதம் எழுதுவது.

இது புதிய நோய் அல்ல. ஜார்ஜ் ஸ்டில் என்ற லண்டன் குழந்தை மருத்துவர் 1902-லேயே இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். நம் கொங்குப் பகுதியிலும் ஆய்வு நடந்திருக்கிறது. கோவையில் 770 ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்து 2013-ல் வெளியான ஆய்வில், சுமார் 11 சதவீதம் பேருக்கு இது இருந்தது. வளர்ந்தபின் பலருக்குத் துள்ளல் அடங்கிவிடுகிறது. மறதியும் அவசரமும் தங்கிவிடுகின்றன.

எல்லா மறதியும் ஏ.டி.எச்.டி. ஆகிவிடாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று இரண்டு இடங்களிலாவது தொல்லை தந்திருக்க வேண்டும். நாற்பது வயதில் புதிதாக மறதி வந்தால் தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, ரத்தசோகை என்று முதலில் பார்க்க வேண்டும். தீர்மானிக்க வேண்டியவர் மனநல மருத்துவர்தான்.

இவர்களுக்கு எதற்கு இந்தக் கடிதம்?

‘நல்ல நாளும் அதுவுமாக சாவைப் பற்றி ஏன் பேச்சு?’ என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

டென்மார்க்கில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு இருந்தது. முக்கியக் காரணம் விபத்துகள். பிரிட்டனில் 2025-ல் வெளியான ஆய்வு, இந்நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்ட ஆண்களின் ஆயுள் சராசரியாகச் சுமார் 7 ஆண்டுகளும், பெண்களின் ஆயுள் சுமார் 9 ஆண்டுகளும் குறைவு என்றது.

பயப்பட வேண்டாம்! டென்மார்க் ஆய்வில் இந்நோய் உள்ள 32,000 பேரில் இறந்தவர்கள் 107 பேர்தான். சிகிச்சையால் ஆபத்து குறைகிறது என்பதற்கும் சான்று உண்டு. ஸ்வீடனில் 2014-ல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்துக்கொண்ட காலத்தில் ஆண்களிடம் கடுமையான சாலை விபத்துகள் 58 சதவீதம் குறைவாக இருந்தன. சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் தினமும் பைக்கில் போய்வரும் ஒருவருக்கு இது சின்ன விஷயமா?

ஆக, முதலில் சிகிச்சை. அதன்பிறகு, எல்லோரையும்போல், வீட்டாருக்கு விவரம் எழுதி வைப்பது. கணக்கு எங்கே, கடன் யாரிடம் என்பதெல்லாம் இவர் தலையில் மட்டுமே இருந்தால், இவருடைய மறதியின் சுமை கடைசியில் மனைவி தலையில் அல்லவா இறங்கும்?

மறந்தாலும் கெடாத ஏற்பாடு

வழி சுலபம். உங்கள் ஞாபகத்தை நம்பும் ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

1. பட்டன் அழுத்தச் சொல்லும் சேவையைத் தவிர்த்துவிடுங்கள். கூகுள் 2013-ல் ஒரு வசதி கொண்டு வந்தது. நீங்கள் ஜிமெயில் பார்ப்பது, ஆண்ட்ராய்டு போனைப் பயன்படுத்துவது இவைதான் அங்கே ‘உயிரோடு இருக்கிறேன்’ என்பதற்கு அடையாளம். தனியாக எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம். எத்தனை மாதம் நடமாட்டம் இல்லாவிட்டால் செய்தி போகலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். குறைந்தது 3 மாதம். அதிகபட்சம் 18 மாதம். கெடு முடியும் முன் உங்களுக்கு எச்சரிக்கை வரும். 10 பேர் வரை குறிப்பிட்டு, தனித்தனியாகக் கடிதம் எழுதி வைக்கலாம். மறதிக்காரர்கள் நீண்ட கெடுவையே தேர்ந்தெடுப்பது நல்லது.

2. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2021 டிசம்பரிலிருந்து வேறு வழி இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரை வாரிசுத் தொடர்பாளராகச் சேர்க்கலாம். அவரிடம் உள்ள சாவி எண்ணோடு இறப்புச் சான்றிதழையும் காட்டினால்தான் படம், குறிப்புகள் கிடைக்கும். சான்றிதழ் கேட்பதால், மறதியால் தவறு நடக்க வழியே இல்லை.

3. அவசர விஷயங்களை இன்டர்நெட்டில் விடாதீர்கள். மூன்று மாதம் கழித்து வரும் மெயிலால் அடுத்த மாத இ.எம்.ஐ.க்கு என்ன பயன்? ஒரே ஒரு தாளில் வங்கிக் கணக்குகள், இன்ஷூரன்ஸ், சீட்டு, கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாவற்றையும் எழுதி பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டு, பின் நம்பர் வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டில் இருப்பது பலருடைய மனைவிக்குத் தெரியாது. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்ச ரூபாய் கிடைக்க வேண்டிய திட்டம் அது!

4. நாமினியைச் சரிபாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். மெயிலில் ‘வீடு உனக்கு’ என்று எழுதினால் அது உயில் ஆகாது. உயிலுக்கு உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும்.

5. தனியாக உட்காராதீர்கள். ‘ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்’ என்றால் எந்த ஞாயிறும் வராது. மனைவியோ, அண்ணனோ பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தாலே போதும். இவர்களுக்கு வேலை ஓடும். வருடா வருடம் சரிபார்க்க ஆயுத பூஜையைக் குறித்துக் கொள்ளுங்கள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் ஊரே லாரியைக் கழுவிப் பொட்டு வைக்கும் நாள். மறக்க முடியுமா?

மூன்று ராத்திரி விதி

கோபத்தில் பேசிவிட்டால், மறுநாள் போய் “தப்பா நெனைச்சுக்காதே தம்பி” என்று சொல்லலாம். இறந்தபின் போகும் கடிதத்துக்கு மறுநாள் கிடையாது. படித்தவர் அந்த வார்த்தையைக் காலம் முழுக்கச் சுமப்பார்.

ஆகவே, எழுதிய கடிதத்தை உடனே ஏற்றாதீர்கள். மூன்று ராத்திரி தூங்கி எழுந்தபின் மறுபடி படியுங்கள். ‘இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேனா?’ என்று கேட்டுக் கொள்ளுங்கள். மாட்டேன் என்றால் அடித்துவிடுங்கள். சொல்வேன் என்றால்... ஏன் காத்திருக்க வேண்டும்? இன்றைக்கே சொல்லிவிடலாமே!

வீட்டார் கவனிக்க

ஒரு முக்கிய விஷயம். நிதானமாக, வீட்டாரோடு பேசி விவரம் எழுதி வைப்பது பொறுப்பு. ஆனால் ஒருவர் திடீரென்று ரகசியமாகக் கடைசிக் கடிதங்கள் எழுதுகிறார், பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கிறார், ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்கிறார் என்றால் அது ஆபத்தின் அறிகுறி. அவசர குணம் உள்ளவர்களிடம் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

ஏ.டி.எச்.டி.க்கு மருந்து உண்டு. பழக்க வழக்கப் பயிற்சியும் உண்டு. மருந்தை மனநல மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கவோ, நீங்களாக நிறுத்தவோ கூடாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம்.

சரி, நம் திருச்செங்கோட்டு வீட்டுக்கு வருவோம். அழுகை ஓய்ந்தது. மச்சினனை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டாயிற்று. இரண்டு நாள் கழித்து மனைவி மெதுவாகக் கேட்கிறார்:

“ஏனுங்க, அந்த லெட்டர்ல எனக்கு எழுதியிருந்தீங்களே... ‘உன்ற சமையலுக்கு ஈடு இல்ல’ன்னு. அதை உசுரோட இருக்கறப்பவே சொல்லப்படாதா?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். மறந்து போயிருச்சு கண்ணு!”