தழும்பு தந்த தைரியம்

துன்பத்தில் கிடப்பவருக்கு ஆறுதல் சொல்லுவதைப் போல் எளிதான காரியம் உலகில் வேறில்லை. "எல்லாம் தலைவிதி" என்கிறார் ஒருவர். "எல்லாம் நன்மைக்கே" என்கிறார் மற்றொருவர். சொல்லிவிட்டு இருவரும் வீடு சென்று சுகமாகப் போஜனம் செய்கிறார்கள். படுக்கையில் கிடப்பவரோ கிடந்தபடியே கிடக்கிறார். அவருக்கு வேண்டியது துன்பத்திற்குக் காரணம் கூறுபவர் அல்ல. அந்த வழியே முன்னால் நடந்து சென்ற ஒருவர்.

இவ்விஷயத்தில் கிறிஸ்தவ மதத்தினர் போற்றும் கருத்து ஒன்று உண்டு. உயிர்த்தெழுந்த இயேசுநாதரின் திருமேனியில் ஆணி பாய்ந்த வடுக்கள் மறையவில்லை என்று யோவான் சுவிசேஷம் கூறுகிறது. சந்தேகம் கொண்ட தோமையாருக்கு விசுவாசம் பிறந்தது அந்த வடுக்களைக் கண்ட பிறகே. கஷ்ட காலத்தில் கடவுளிடம் பெற்ற ஆறுதலை, கஷ்டப்படும் பிறருக்கு அளிக்க வேண்டும் என்று பவுல் அப்போஸ்தலரும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் துவக்கத்தில் வற்புறுத்துகிறார். நம் வேலூரிலே இக்கருத்தை வாழ்ந்து காட்டிய ஒரு மாதரசியைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

டாக்டர் மேரி வர்கீஸ் கொச்சியில் 1925-ஆம் வருஷம் பிறந்தவர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்கென்று வேலூரில் ஆரம்பித்த வைத்தியப் பள்ளி பிற்காலத்தில் பெரிய கல்லூரியாக வளர்ந்தது. அங்கே கற்றுத் தேறி வைத்தியத் தொழிலில் அடியெடுத்து வைத்திருந்தார் மேரி. 1954-ல், சக வைத்தியர்களுடன் சென்ற மோட்டார் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகத்தில் பெருங்காயம், முதுகெலும்பிலும் கடுமையான சேதம். உயிர் தப்பியது. ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அதே ஆஸ்பத்திரியில் பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய ரண சிகிச்சை நிபுணர் இருந்தார். 1914-ல் நமது கொல்லிமலையிலே, பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர் அவர். குஷ்டரோகம் நரம்பைத் தாக்குவதால் விரல்கள் மடங்கிப் போகின்றன அல்லவா? நல்ல நிலையில் உள்ள ஒரு தசை நாணை எடுத்துப் பொருத்தி, அவ்விரல்களை மறுபடியும் வேலை செய்ய வைக்கும் முறையில் அவர் கைதேர்ந்தவர். கையில் செய்யும் சிகிச்சைக்கு வைத்தியர் நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம். இதை எண்ணி அவர் மேரிக்கு அந்த வித்தையைக் கற்பித்தார். கால் இழந்த வைத்தியர் சக்கர நாற்காலியில் அமர்ந்து, கை இழந்தவர்களுக்குக் கை கொடுக்கலானார்!

இதிலுள்ள பொருத்தத்தைச் சற்றே சிந்திக்க வேண்டும். குஷ்டரோகியின் கையில் உணர்ச்சி அற்றுப் போவதால், சுடு பாத்திரத்தைத் தொட்டாலும் அவருக்குத் தெரிவதில்லை. புண் வளர்ந்து விரலைக் கெடுக்கிறது. முதுகுத் தண்டு அடிபட்டவர் நிலையும் அத்தகையதே. ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால் சதை அழுந்திப் புண்ணாகிறது. அவருக்கோ வலி தெரிவதில்லை. வலியில்லாமையே பெரிய ஆபத்து என்பதை மற்ற வைத்தியர்கள் ஏட்டில் படித்திருப்பார்கள். மேரி வர்கீஸ் தம் உடம்பிலேயே படித்தார்.

அவர் இத்துடன் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலும், பிறகு நியூயார்க் நகரத்திலும் பயிற்சி பெற்றார். அங்கவீனமுற்றவர் எழுந்து உட்காரவும், உடுத்தவும், நாற்காலியை ஓட்டவும், தொழில் செய்து பிழைக்கவும் கற்பிக்கும் மறுவாழ்வு சாஸ்திரம் அது. திரும்பி வந்து, 1963-ல் வேலூர்க் கல்லூரியில் அதற்கென ஏற்பட்ட பகுதிக்குத் தலைமை வகித்தார். 1966-ல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-ல் அவர் காலமானார். அந்த நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மரத்திலிருந்து விழுந்தும் வண்டியில் அடிபட்டும் கால் இழந்தவர்கள் அங்கே வந்தார்கள். "உன்னால் முடியும்" என்று வாட்டசாட்டமாக நிற்கும் ஒருவர் சொன்னால், "உமக்கென்ன தெரியும்?" என்று நோயாளி மனத்திற்குள் கேட்பது இயல்பு. சக்கர நாற்காலியில் வந்த டாக்டர் சொன்னபோது அந்தக் கேள்விக்கே இடமில்லை.

விபத்து நல்லது என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். அன்று அந்த வண்டி பத்திரமாக வீடு திரும்பியிருக்கலாகாதா என்றே நெஞ்சம் ஏங்குகிறது. துன்பம் தானாக யாரையும் புனிதராக்குவதில்லை. பலரைக் கசக்கச் செய்துவிடுகிறது. பட்ட துன்பத்தைப் பிறருக்குப் பயன்படும்படி செய்வதற்கு விசுவாசமும் வேண்டும், வித்தையும் வேண்டும், கை கொடுக்க ஒரு பால் பிராண்டும் வேண்டும்.

நம் வீடுகளிலும் இத்தகையோர் இருக்கிறார்கள். "பாவம்" என்று பெருமூச்சு விட்டு, அவர்களைப் பின்கட்டு அறையில் படுக்க வைத்துவிடுகிறோம். அவர்கள் பட்டு அறிந்தது எவ்வளவோ! அதை வேறொருவருக்கு உபயோகப்படுத்த ஒரு வழி திறந்து விடுவோமானால், வெறும் இரக்கத்தைக் காட்டிலும் அது நூறு மடங்கு மேலான உதவியாகும்.