35 இஞ்ச் டயருக்கு எந்தக் கிரவுன் பினியன்?

ஜீப் ராங்ளர் வாங்குறவங்க பலரும் முதலில் கை வைப்பது டயரில்தான். கம்பெனி கொடுத்த 32 இஞ்ச் டயரைக் கழற்றிவிட்டு 35 இஞ்ச் மாட்டுவார்கள். பார்க்க கம்பீரமா இருக்கும், சந்தேகமே இல்லை. அழகுக்கு மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. பாறைப் பாதையில் முதலில் இடிபடுவது ஆக்சில் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல். லிஃப்ட் கிட் போட்டால் பாடி உயரும், ஆக்சில் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்க வேண்டுமானால், பெரிய செலவுள்ள வேலைகளை விட்டுவிட்டால், டயரைப் பெரிசாக்குவது ஒன்றுதான் வழி. அதிலும் 3 இஞ்ச் பெரிய டயர் போட்டால் கிடைப்பது ஒன்றரை இஞ்ச்தான். சக்கரத்தின் மையம் பாதி அளவுதானே உயரும்!

இந்த ஒன்றரை இஞ்ச்சுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைத்தான் கொஞ்ச நாளா நோண்டிக்கிட்டு இருந்தேன். உதாரணத்துக்கு 2007 முதல் 2011 வரை வந்த ஜேகே ராங்ளரை எடுத்துக்கிறேன். 3.8 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின், 202 குதிரைத்திறன். எடைக்கு ஏற்ற பலம் இல்லாத எஞ்சின், அதனாலேயே பாடம் படிக்க நல்ல வண்டி.

முதலில் அடிப்படை. எஞ்சின் சுற்றும் வேகம் கியர்பாக்ஸில் ஒரு முறை மாறுகிறது, கடைசியாக டிஃபரன்ஷியலுக்குள் இன்னொரு முறை குறைகிறது. அங்கே சின்னதாக ஒரு பினியன், அதைக் கடித்துக்கொண்டு பெரிசாக ஒரு கிரவுன் வீல். 4.10 விகிதம் என்றால் பினியன் 4.10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். எண் கூடக் கூட இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகமாகச் சுற்ற வேண்டியிருக்கும்.

டயர் பெரிசானால் நடப்பது இதற்கு நேரெதிர். ரூபிகான் மாடலில் வரும் 255/75ஆர்17 டயரின் விட்டம் 32.1 இஞ்ச். ஒரு சுற்றுக்கு வண்டி 2.56 மீட்டர் நகரும். 35 இஞ்ச் டயரில் 2.79 மீட்டர். ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போவது ஆதாயம் மாதிரி தெரியும். ஆனா சும்மா கிடைக்கிற தூரம் இல்லை அது. எஞ்சின் கொடுக்கும் முறுக்கு மாறவில்லை, தரையைத் தள்ளும் கை மட்டும் நீளமாகிவிட்டது. தரையில் கிடைக்கும் விசை 8 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. யாருக்கும் தெரியாமல் உங்க 4.10 ஆக்சிலை எடுத்துவிட்டு 3.76 ஆக்சிலை வைத்தது போல.

இதைச் சரிக்கட்ட எல்லோரும் சொல்லும் சூத்திரம் சுலபமானது. பழைய விகிதத்தைப் புது டயர் விட்டத்தால் பெருக்கி, பழைய டயர் விட்டத்தால் வகுக்க வேண்டும். 4.10 × 35 ÷ 32.1 = 4.47. கடையில் கிடைப்பதில் இதற்குப் பக்கத்தில் இருப்பது 4.56. முடிஞ்சுது கணக்கு.

முடியலை. இந்தச் சூத்திரம் விட்டத்தை மட்டும்தான் பார்க்கிறது. 35 இஞ்ச் டயர் போட்ட வண்டியில் டயரும் வீலும் கனத்துவிடும், அந்தக் கனம் சக்கரத்தின் ஓரத்தில் சுற்றுகிறது. லிஃப்ட் போட்டதால் காற்றை அதிகமாகக் கிழிக்க வேண்டும். கூடவே இரும்பு பம்பர், வின்ச், கூரைமேல் கேரியர். கம்பெனியிலிருந்து வந்த வண்டி இல்லை இது. பழைய நிலைக்குத் திரும்பும் விகிதம் இந்தப் புது வண்டிக்குப் போதாது. அதுவும் பழைய நிலையே சுமார்தான் என்றால்?

நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கைப் பாருங்க. இதன் கடைசி கியர் 0.69, ரொம்ப நீளம். 4.10 ஆக்சிலை மாற்றாமல் 35 இஞ்ச் டயரோடு 100 கி.மீ. வேகத்தில் போனால் நாலாவது கியரில் எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு சுமார் 1,690. இந்த எஞ்சின் தன் முழு முறுக்கைக் கொடுப்பதோ 4,000 சுற்றில். சமதளத்தில் காற்று பின்னாலிருந்து அடித்தால் 1,690-இல் தாக்குப்பிடிக்கும். லேசான ஏற்றம் வந்தால் போதும், மூன்றாவது கியருக்கு இறங்கிவிடும். அங்கே சுற்று சுமார் 2,450. சமதளம் வந்ததும் திரும்ப நாலு, அடுத்த ஏற்றத்தில் திரும்ப மூணு. இப்படி மாறி மாறி அலையும்போது டார்க் கன்வர்ட்டர் பூட்டு விட்டுவிட்டு, கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாகும். ஆட்டோமேட்டிக்குக்கு எமன் அந்தச் சூடுதான்.

இப்போ அதே வண்டியில் 5.13 போட்டால்? நாலாவது கியரில் சுற்று சுமார் 2,110. ஏற்றத்திலும் அதிலேயே நிற்க ஓரளவு வாய்ப்பு இருக்கிறது. 4.10-இல் மூன்றாவது கியரில் 2,450 சுற்றில் கத்திக்கொண்டு போன வண்டி, 5.13-இல் நாலாவது கியரில் 2,110 சுற்றில் போகிறது. பெரிய எண் போட்டால் எஞ்சின் அலறும், பெட்ரோல் குடிக்கும் என்று பயப்படுறவங்க கடைசி கியரை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். வண்டி உண்மையில் எந்த கியரில் ஓடுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. எனக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆச்சு.

அதே வருடத்து ஆறு கியர் மேனுவலுக்கு இந்த விடை பொருந்தாது. அதன் கடைசி கியர் 0.84. 5.13 போட்டால் 100 கி.மீ. வேகத்தில் 2,570 சுற்று. தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர் காதுக்கு அது அதிகம். 4.88 போட்டால் 2,450-க்குள் நிற்கும், 4.56 என்றால் 2,290. 2012-இல் வந்த 3.6 லிட்டர் எஞ்சினுக்கு 285 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கும் ஐந்து கியர். அந்த ஜோடிக்கு 4.56 போதும், பாரம் அதிகம் ஏற்றுகிறவர் 4.88-க்குப் போகலாம். ஆகவே "35 இஞ்ச்சுக்கு எந்த விகிதம்?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடையாது. எஞ்சின் எது, கடைசி கியர் எவ்வளவு, வழக்கமாகப் போகும் வேகம் என்ன, இதெல்லாம் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் இன்னும் பெரிய எண்ணாகவே போட்டுவிடலாமே என்று தோன்றும். தடுப்பது பினியன். கிரவுன் வீலின் விட்டம் கூட்டுக்குள் அடங்க வேண்டும், அதைப் பெரிசாக்க முடியாது. எண்ணைக் கூட்ட, பினியனைத்தான் சின்னதாக்க வேண்டும். டேனா 44 ஆக்சிலில் 4.10 என்பது 41 பல்லுக்கு 10 பல், 4.56 என்பது 41-க்கு 9, 4.88 என்பது 39-க்கு 8, 5.13 என்பது 41-க்கு 8. பினியன் சிறுத்தால் ஒரே நேரத்தில் கடித்திருக்கும் பற்களும் குறையும், சுமை குறைவான இடத்தில் விழும். ரூபிகான் அல்லாத ஜேகேயில் முன்பக்கம் இருப்பது இன்னும் சின்ன டேனா 30. பாறையில் முன்சக்கரம் மாட்டிக்கொண்ட நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிற பழக்கம் உள்ளவர், அந்த ஆக்சிலில் 4.88-ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பாறை ஏறுவதற்காகவே விகிதத்தைக் கூட்டுவதாகச் சொல்பவர்களும் உண்டு. ரூபிகான் மேனுவலில் முதல் கியர் 4.46, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 4.0, ஆக்சில் 4.10. மூன்றையும் பெருக்கினால் 73. எஞ்சின் 750 சுற்றில் ஐட்லிங்கில் ஓடினால் வண்டி மணிக்கு 1.6 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும். 35 இஞ்ச் டயர் போட்டால் அது 1.7 ஆகும், 4.88 மாற்றினால் 1.4-க்கு இறங்கும். நடந்துபோகிற ஆளே முந்திவிடும் வேகத்தில் இது பெரிய வித்தியாசமா? லோ ரேஞ்ச் இருக்கிற வண்டிக்குப் பாறையில் குறை அதிகம் தெரியாது. ஆக்சில் விகிதத்தின் குறை தெரிவது தார்ச்சாலையில், ஹை ரேஞ்சில்தான்.

டயரில் எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 35 என்று விற்கும் 315/70ஆர்17 டயரைக் கணக்குப் போட்டால் 34.4 இஞ்ச்தான் வருகிறது. வண்டியின் பாரம் ஏறினால் இன்னும் கொஞ்சம் அமுங்கும். மைலுக்கு எத்தனை சுற்று என்று டயர் கம்பெனி கொடுக்கும் எண்ணை வைத்துக் கணக்கிட்டால் சரியாக வரும்.

விலை விசாரிக்கும்போது இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து விசாரிங்க. பின்பக்கம் இப்போ, முன்பக்கம் அடுத்த வருஷம் என்று தள்ளிப்போடுவது நடக்காது. ஃபோர் வீலில் போட்டதும் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். பின்னால் 4.56, முன்னால் 4.10 இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து எதையாவது முறித்துவிடும். சில ஆக்சில்களில் விகிதம் ஒரு அளவைத் தாண்டினால் கிரவுன் வீலைத் தாங்கும் கேரியரையும் மாற்ற வேண்டிவரும். ஜேகேயில் டயர் அளவையும் புது விகிதத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் கட்டாயம். டயரை மட்டும் மாற்றிவிட்டு ஏற்றாமல் விட்டால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்க போவது 109. ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மாறும் நேரமும் கெடும்.

இது வீட்டு வாசலில் செய்துபார்க்கிற வேலையும் இல்லை. பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதை ஷிம் வைத்துச் சரிசெய்து, பல்லில் சாயம் தடவிச் சுற்றி, கடித்த தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். சரியாக விழும்வரை கழற்றி மாட்ட வேண்டியதுதான். வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும் 15, 20 நிமிடம் மெதுவாக ஓட்டி, முழுசாக ஆறவிட்டு, திரும்ப ஓட்ட வேண்டும். முதல் 800 கி.மீ. பாரம் இழுக்காமல் ஓட்டிவிட்டு டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்றணும். வடிக்கிற எண்ணெயில் நைஸான மினுமினுப்பு இருந்தால் பயப்படாதீங்க, புதுப் பல் படிகிறது. கையில் நெருடுகிற துண்டு தட்டுப்பட்டால் வண்டியை எடுக்காமல் அங்கேயே நிறுத்துங்க.