முங்குக் கண்ணாடிக்கு வயது பார்ப்பது எப்படி?

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றின் மீன்கள் பக்தர்களுக்குப் புனிதமானவை. கரையில் நின்று இரை போடுபவர்கள் அவற்றின் வாலசைவு வரை பார்த்துவிடலாம். ஆனால் எவ்வளவு தெளிந்த நீராக இருந்தாலும் அதற்குள் தலையை அமிழ்த்திக் கண்ணைத் திறந்தால், கை நீட்டும் தூரத்து மீன்கூட வெறும் நிழலாகத்தான் தெரியும்.

இதற்குக் காரணம் நம் கண்ணின் அமைப்பு. கண்ணின் மொத்த ஒளிக்குவிப்புத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தருவது கண்ணின் முன்புறம் இருக்கும் விழிவெண்படலம். காற்றிலிருந்து படலத்துக்குள் நுழையும்போது ஒளி வளைவதால்தான் இந்தத் திறன் கிடைக்கிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, படலத்தின் எண்ணும் அதை நெருங்கியதே. ஆகவே நீருக்குள் ஒளி அங்கே ஏறத்தாழ வளைவதே இல்லை. கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை அடைத்து வைத்தால் பார்வை திரும்பிவிடும். முங்குக் கண்ணாடி, அதாவது டைவிங் மாஸ்க், செய்யும் வேலை அவ்வளவுதான். ஒரு சிறு விலையும் உண்டு: பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு கிட்டத்திலும் தெரியும்.

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் இந்தக் காற்றுத் திரை இல்லாமலே முங்கினார்கள். காலில் கல், இடுப்பில் கயிறு, கையில் வலைப்பை. கலங்கிய பார்வையும் கைத்தடவலுமே துணை. பழகிய கண்ணால் எவ்வளவு முடியும் என்பதற்குத் தாய்லாந்துக் கடலோரத்து மோக்கன் மக்கள் சாட்சி. அவர்களின் குழந்தைகள் நீருக்குள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரு மடங்குக்கும் மேல் நுட்பமாகப் பார்க்கிறார்கள் என்று சுவீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003இல் வெளியிட்டார். கண்மணியை மிகச் சிறிதாகச் சுருக்கியே அந்தக் குழந்தைகள் பார்க்கிறார்கள். நம் முத்துக்குளிப்போருக்கும் அந்தத் திறமை இருந்ததா என்று அப்போது யாரும் அளந்து பார்க்காமல் போனது பெரிய இழப்பு.

இரு கண்களை மட்டும் மூடும் கண்ணாடிகள் ஜப்பானின் ஆமா பெண்களிடம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தன. பிரான்சில் மொரிஸ் ஃபெர்னே செய்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 1936இல் துலோன் அருகே கடலுக்குள் பார்த்தவர்தான், பின்னாளில் கடல் ஆய்வாளராகப் புகழ்பெற்ற ழாக் கூஸ்தோ. ஆனால் இந்தக் கண்ணாடிகளில் ஓர் ஆபத்து இருந்தது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும். உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். கண்ணாடியால் சுருங்க முடியாது என்பதால் கண்ணை உறிஞ்சி இழுக்கும். வெள்ளைவிழியில் இரத்தம் கட்டும். சிலர் பக்கவாட்டில் சிறு ரப்பர்ப் பைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். நல்ல தீர்வு, மூக்கையும் உள்ளே சேர்த்து மூடுவதுதான். மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை விட்டால் அழுத்தம் சமமாகிவிடும். இன்றைக்கும் நீச்சல் கண்ணாடியோடு ஆழத்துக்கு இறங்கக் கூடாது என்பது இதனால்தான்.

1943இல் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் அக்வாலங் மூச்சுக் கருவியை உருவாக்கிய பிறகு, மாஸ்க் உலகமெங்கும் பரவியது. நம் பக்கத்துக்கும் வந்தது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இலங்கையில் குடியேறினார். அவருடைய நண்பர் மைக் வில்சன் திருகோணமலையில் முங்கி, போர்த்துக்கீசியர் இடித்த கோணேசுவரம் கோயிலின் எச்சங்களைக் கடலடியில் கண்டார். தூத்துக்குடியில் 1955இல் தொடங்கி 1961 வரை நடந்ததே கடைசி முத்துக்குளிப்புத் தொடர். 1960களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக் கடலடியில் தாங்களே முங்கிப் பார்த்ததைத் தொடர் கட்டுரைகளாக எழுதினார்கள். பார் எனப்படும் கடலடிப் பாறைப் படுகைகளை நேரில் பார்த்து எழுதிய அந்தப் பக்கங்கள் நம் கடலறிவின் சொத்து. பின்னர் பூம்புகாருக்கு எதிரே தொல்லியலாளர் எஸ். ஆர். ராவ் தலைமையில் தேசிய கடலியல் நிறுவனத்தார் முங்கினார்கள். பாம்பன், இராமேசுவரம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் இன்றும் கண்ணாடி போட்டே இறங்குகிறார்கள்.

ஆகவே நம் கடற்கரை வீடுகளில் பழைய மாஸ்க் ஒன்று கிடைப்பது அதிசயமில்லை. கிடைத்தால் அதன் வயதை எப்படிச் சொல்வது?

ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மாஸ்க்கின் அடையாளங்களில் காலத்தால் மிகப் பிந்தியது எதுவோ, அதற்கு முன் அந்த மாஸ்க் செய்யப்பட்டிருக்க முடியாது. பழைய அடையாளம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். வட்டமாகவோ முட்டை வடிவிலோ ஒற்றைக் கண்ணாடி, சுற்றிலும் எஃகுப் பட்டை, மேலே ஒரு திருகு, மூக்கைப் பிடிக்க இடமே இல்லை என்றால் அது 1940, 50களின் பாணி. காது அடைத்தால் மாஸ்க்கின் கீழ்விளிம்பை மூக்கோடு அழுத்தித்தான் அந்தக் காலத்தில் காற்றூதினார்கள். 1952இல் இத்தாலியின் கிரெஸ்ஸி நிறுவனம் மூக்குக்குத் தனிப் பை வைத்த பினோக்கியோ மாஸ்க்கைக் கொண்டுவந்தது. அதே வடிவம் பல பத்தாண்டுகள் தொடர்ந்து விற்பனையில் இருந்தது. எனவே மூக்குப் பை இருந்தால் '1952க்கு முன்பு இல்லை' என்று சொல்லலாம். '1952' என்று சொல்லக் கூடாது.

ரப்பரைப் பாருங்கள். ஒளி ஊடுருவும், மெழுகுபோல் மென்மையான சிலிக்கோன் என்றால் 1970களின் இறுதிக்குப் பிந்தியது என்று கொள்ளலாம். கறுப்பு இயற்கை ரப்பர் என்றால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உறுதியில்லை, கறுப்பு ரப்பர் மாஸ்க் பின்னாலும் வந்தது. தலைப்பட்டையை நம்பவே நம்பாதீர்கள். முதலில் அறுந்து மாற்றப்படுவது அதுதான்.

எழுத்துகளே உறுதியான சாட்சி. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949 முதல் 1990க்குள். 'ஆக்கிரமிப்பு ஜப்பான்' என்றிருந்தால் 1952க்குள். காப்புரிமையைக் குறிக்கும் 'எஸ்.ஜி.டி.ஜி.' என்ற நான்கு எழுத்துகள் பிரெஞ்சுப் பொருள்களில் இருக்கும். 1968 சட்டத்தோடு அது முடிந்தது. பெட்டியோ ரசீதோ மிஞ்சியிருந்தால் புதையல் கிடைத்த மாதிரி. கடை முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அந்தத் தாள் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 'சிலோன்' என்ற பெயர் 1972 வரைக்கும், 'மதராஸ்' 1996 வரைக்கும் வழி காட்டும்.

கண்ணாடி வலுவூட்டியதா சாதாரணமானதா என்று அறிய வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. எல்சிடி திரையுள்ள மடிக்கணினியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் முன்னே மாஸ்க்கைப் பிடித்து, போலராய்டு குளிர்கண்ணாடி வழியாகப் பாருங்கள். குளிர்கண்ணாடியைச் சுழற்றித் திரை இருளும் நிலைக்கு வந்தால், வலுவூட்டிய கண்ணாடியின் விளிம்போரம் ஒளிக்கோலங்கள் தெரியும். உள்ளே உறைந்திருக்கும் தகைவு ஒளியைத் திருப்புவதன் அடையாளம் அது. சாதாரணக் கண்ணாடியில் இருளே இருக்கும். பிளாஸ்டிக்கும் வண்ணம் காட்டும். நகத்தால் தட்டிப் பார்த்தால் சத்தத்தில் வேறுபாடு தெரிந்துவிடும்.

இந்தச் சோதனை விளையாட்டல்ல. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்திபோன்ற துண்டுகளாகும், அதுவும் கண்ணுக்கு முன்னே. அப்படிப்பட்ட மாஸ்க் தண்ணீருக்குள் போகவே கூடாது என்பது என் முடிவு. மூச்சுவிடும் குழாயும் (ஸ்நார்கெல்) மாஸ்க்கும் ஒன்றாகச் சேர்ந்து, நுனியில் பந்து அடைப்பான் வைத்த 1950களின் மாடல்களும் அப்படித்தான். விட்ட மூச்சே உள்ளே தங்கிக் கரியமில வாயு சேரும்.

வலுவூட்டிய கண்ணாடியும் ரப்பரும் நன்றாக இருந்தால், பட்டையைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் பொருந்துகிறது. அப்படிப்பட்டதை இடுப்பளவு நீரில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்கலாம். ஆழத்துக்குப் புதிய மாஸ்க்கே சரி.

ரப்பருக்குப் பெரிய எதிரி ஓசோன். இயற்கை ரப்பர் மூலக்கூறில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டும். இழுவிசை இருக்கும் இடத்தில்தான் வெடிப்பு முதலில் வரும். அதனால் கொக்கியில் பட்டை வளையும் இடத்தைப் பாருங்கள். பாதுகாக்க நினைத்தால் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, முகப்பவுடர் தூவி, இழுபடாத நிலையில் இருட்டில் வையுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவவே கூடாது. இரண்டும் இயற்கை ரப்பரை ஊதவைத்து வலுவிழக்கச் செய்யும். செப்புப் பாத்திரத்தோடும் சேர்க்காதீர்கள், செம்பு பட்டால் ரப்பர் சீக்கிரம் கெடும். கறுப்பு ரப்பரையும் வெள்ளைச் சிலிக்கோனையும் ஒரே பையில் வைத்தால் வெள்ளையில் கறை ஏறும்.

தூத்துக்குடி, கீழக்கரை, பாம்பன் வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் அப்படி ஒரு கண்ணாடி இருந்தால் குப்பையில் போடாதீர்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். யார் போட்டது, எந்தப் பாரில் முங்கியது, எங்கே வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அதோடு சேர்த்தே வையுங்கள்.